பெண்ட்ரி துரையின் கொள்ளுப்பேரன்

7

ஆல்பினைக் கண்ட நிமிஷமே எனக்கு அவனைப் பிடிக்கவில்லை. சித்திரை வெயிலில் யாங்கோன் நகரமே கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு விசிறியோடு நடக்கிறது. இவன் கோட்டு மாட்டி, டை கட்டி, காலர் முழுக்க வேர்வையோடு நாங்கள் காத்திருந்த தேநீர்க் கடைக்குள் வந்து, "ஹலோ, ஹலோ" என்று கடைக்காரனுக்கும் சேர்த்துக் கை கொடுத்தான். கடைக்காரன் கையைத் துடைத்துக்கொண்டான்.

"ஐ ஆம் ஆல்பின் பெண்ட்ரி" என்றான்.

நான் முந்தின நாள்தான் அவன் ஊரான மாவ்பிக்குப் போய் விசாரித்துவிட்டு வந்திருந்தேன். அங்கே இவனுக்குப் பெயர் வெறும் ஆல்பின். பெண்ட்ரி என்ற வால் முளைத்தது சமீபத்தில்தான்.

"உக்காருங்க, கோ ஆல்பின்" என்றார் சத்யபாமா அக்கா, பெயருக்கு முன்னால் கோ, ஊ, மா என்று மரியாதை ஒட்டும் இந்த ஊர் வழக்கப்படி. துப்பறியும் தொழிலில் இந்த ஊரில் தமிழ் பேசுகிற ஒரே ஆள் அவர். நான் சின்னத்தம்பி, அவருடைய உதவியாளன். வண்டி ஓட்டுவது, டீ வாங்குவது, தேவையில்லாத இடத்தில் வாய் திறப்பது மூன்றும் என் பொறுப்பு.

விஷயம் இதுதான். பஸுன்டாவ்ங் பகுதியில் ஒரு சின்னத் தமிழ்ச் சபை. அவர்களிடம் ஒரு வெள்ளிக் கிண்ணம் இருந்தது. திருவிருந்துக்கு மட்டும் வெளியே எடுப்பார்கள். அந்தக் காலத்து மிஷனரி ஒருவர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது. போன வாரம் அது காணாமல் போனது. சபைத் தலைவர் ஊ தேவராஜ், ஞாயிறு ஆராதனையில் மைக்கைப் பிடித்து, கோயிலைப் பெருக்கித் துடைக்கிற ஷைலாதான் எடுத்தாள் என்று பெயர் சொல்லி அறிவித்துவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்குள் கிண்ணம் வரவேண்டும். இல்லாவிட்டால் போலீஸ். கோயிலுக்குப் பின்னால் ஷைலா குடியிருக்கும் அறையும் பறிபோகும்.

அடுத்த ஞாயிறு என்பது நாளைக்கு.

எங்களிடம் இருந்த ஒரே துப்பு இந்த ஆல்பின். ஏனென்றால் கிண்ணம் காணாமல் போவதற்கு முன்னால், அது தனக்குச் சேரவேண்டும் என்று சபைக்கு வந்து கேட்ட ஒரே ஆள் இவன். சபையார் கை தூக்கி வாக்கெடுத்து முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

"எங்க கிரேட் கிரேண்ட்ஃபாதர் பெண்ட்ரி துரை" என்று ஆரம்பித்தான் ஆல்பின். "பாஸ்டன்லருந்து கப்பல்ல வந்தவர். இங்க ஒரு தமிழ்ப் பொண்ணைக் கட்டினார். கிண்ணத்தைச் சபைக்குக் கொடுத்தது இரவலா."

"இரவலா?"

"லோன்."

"இத்தனை தலைமுறையா இரவல்னா, எங்க மாமா என்கிட்ட வாங்கிட்டுப் போன குடையை நான் இன்னும் நம்பிக்கையா எதிர்பார்க்கலாம்" என்றேன்.

அக்கா என் காலை மிதித்தார். ஆல்பின் கோட்டுப் பையிலிருந்து வெல்வெட் துணி ஒன்றை எடுத்துப் பிரித்தான். உள்ளே ஒரு வெள்ளிக் கரண்டி. காம்பின் பின்புறத்தில் சின்னச் செவ்வகக் கட்டம், கட்டத்துக்குள் 'என். பெண்ட்ரி' என்று புடைத்த ஆங்கில எழுத்துகள். கட்டத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு, எழுத்துகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு மெல்லிய கோடு.

"துரை தன் வீட்டு வெள்ளிக்கெல்லாம் தன் பேரை அச்சு அடிச்சு வச்சார். கிண்ணத்துக்கு அடியிலயும் இதே பேர். போய்ப் பாருங்க."

"பார்க்கக் கிண்ணம் இல்லையே" என்றார் அக்கா. "இந்தக் கோடு என்ன?"

ஆல்பினின் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்விக்காகவே கோட்டு தைத்துப் போட்டுக்கொண்டு வந்தவன் மாதிரி நிமிர்ந்தான். "அச்சுல ஒரு விரிசல். கிண்ணத்துலயும் இதே கோடு, இதே இடத்துல இருக்கு. ரெண்டும் ஒரே அச்சு. ஒரே குடும்பம். இதைவிட என்ன ப்ரூஃப் வேணும்?"

"கரண்டி எப்பவும் உங்க வீட்டுலயேதான் இருந்ததா?"

"வெளிய போனதே இல்ல. எங்க தாத்தா தினம் இந்தக் கோட்டைத் தடவிப் பார்த்துட்டுத்தான் சாப்பாட்டுல கை வைப்பார்."

"கரண்டி இருந்தும் கையாலயா சாப்பிட்டார்?" என்று கேட்டேன். அவன் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. அக்கா கரண்டியைத் தன் போனில் படம் பிடித்துக்கொண்டு, நாளைக்கு ஆராதனைக்கு வரச் சொன்னார். வருகிறேன் என்றான். டீக்கு நாங்கள்தான் காசு கொடுத்தோம். துரை வம்சம் சில்லறையைத் தொடாது போலிருக்கிறது.

கோயிலுக்குப் போனபோது மின்சாரம் இல்லை. ஷைலா வாசலிலேயே நின்றிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கலாம். புருஷன் மலேசியாவில் வேலை பார்க்கிறான். படுக்கையில் கிடக்கும் அம்மாவை இவள்தான் பார்த்துக்கொள்கிறாள்.

உள்ளே சுவரில் ஒரு பளிங்குக் கல். 'பெண்ட்ரி துரை ஐயரவர்கள் அன்பளித்த திருவிருந்துக் கிண்ணத்தின் நினைவாக' என்று சின்ன எழுத்தில் ஒரு வரி. அதற்குக் கீழே, கல்லைப் பதித்த ஊ தேவராஜின் தாத்தா பெயர், அதைவிட இரண்டு மடங்கு பெரிய எழுத்தில். கர்த்தருடைய பெயர் எங்காவது இருக்கிறதா என்று தேடினேன். இடம் போதவில்லை போலும்.

"வருஷா வருஷம் பெண்ட்ரி ஞாயிறு கொண்டாடுவோம், ஸயாமா" என்றாள் ஷைலா. மரியாதைக்குரிய பெண்களை இந்த ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "துரைக்காக ஜெபம் பண்ணி, எல்லாருக்கும் டான்பௌ பிரியாணி போடுவாங்க. பாத்திரம் கழுவுறது நான்."

"கிண்ணம் வச்சிருந்த பீரோவுக்கு எத்தனை சாவி?"

"ரெண்டு. ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு தேவராஜ் ஸயாகிட்ட. அவரை யாரும் கேட்க மாட்டாங்க. என்னைத்தான் கேட்பாங்க." அவள் குரல் உடைந்தது. "போலீஸ் வந்தா வரட்டும். அம்மாவைத் தூக்கிட்டு நான் எங்க போவேன்?"

ஒரு கிண்ணத்தைப் பூட்டி வைக்கத் துப்பில்லாதவர்கள், ஒரு பெண்ணை வெளியே தள்ளிப் பூட்டிக்கொள்ள மட்டும் எவ்வளவு சுறுசுறுப்பு.

ஷைலாவின் போனில் கிண்ணத்தின் படம் இருந்தது. ஈஸ்டருக்குப் புளி போட்டுத் தேய்த்துவிட்டு, அது மின்னுகிற அழகைப் புருஷனுக்குக் காட்ட எடுத்தாளாம். கவிழ்த்து வைத்த கிண்ணம். நான் அடிப்பாகத்தை விரலால் பெரிதாக்கினேன். கட்டம், பெயர், கோடு. கரண்டிப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கோடு அதே மூலையில் தொடங்கி அதே எழுத்துகளை வெட்டியது. மயிரிழை வித்தியாசம் கிடையாது.

"போச்சு அக்கா. அந்தக் கோட்டுக்காரன் சொன்னது நிஜம்."

அக்கா போனை வாங்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே, "தம்பி, ஒரு டீ வாங்கிட்டு வாயேன்" என்றார். இப்போதுதான் குடித்துவிட்டு வந்தோம். என்னை வெளியே அனுப்ப வேண்டும் என்றால் அவருக்கு உடனே தாகம் எடுத்துவிடும். நான் திரும்பி வந்தபோது இருவரும் பின்னறையில் ஒரு பித்தளைக் குடத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஷைலாவின் முகம் தெளிந்திருந்தது.

"குடத்துல யாரு பேரு வெட்டியிருக்கு?" என்று அக்கா என்னைக் கேட்டார்.

"சா. ஞானப்பூ."

"எங்க அம்மா" என்றாள் ஷைலா. "எனக்குச் சீர் கொடுத்தது."

"சரி, குடத்தைச் செஞ்சவர் பேர் எங்க இருக்கு?"

"செஞ்சவர் பேரை யாரு அக்கா வெட்டுவா?" என்றேன்.

"அதேதான்" என்று சொல்லிவிட்டு அக்கா என் டீயையும் சேர்த்துக் குடித்தார்.

ஞாயிறு. கோயில் நிறைந்திருந்தது. ஒருவர் மானம் போகப்போகிறது என்று தெரிந்தால் நம் ஜனங்கள் தாமதமாக வருவதில்லை. ஆல்பின் அதே கோட்டில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான். ஊ தேவராஜ் கடைசிப் பாட்டு முடிந்ததும் தொண்டையைக் கனைத்தார். வெள்ளைச் சட்டை, பட்டுக் கைலி, நல்ல கணீர்க் குரல். இப்படிக் குரல் வாய்த்தவர்களிடம் எனக்கு எப்போதும் கொஞ்சம் சந்தேகம் உண்டு.

"மா ஷைலா, எழுந்திரு. கிண்ணத்தைக் கொண்டுவந்தியா?"

ஷைலா எழுந்தாள். அவள் வாய் திறப்பதற்குள் அக்கா நடைபாதையில் முன்னால் போய்விட்டார்.

"இது சபை விஷயம், ஸயாமா" என்றார் தேவராஜ்.

"போலீஸுக்குப் போறேன்னு நீங்கதானே சொன்னீங்க. அப்புறம் என்ன சபை விஷயம்?" அக்கா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "உங்களை எல்லாம் ஒண்ணு கேட்கணும். பெண்ட்ரி துரைதான் கிண்ணம் கொடுத்தார்னு எப்படித் தெரியும்?"

"அடியில பேர் இருக்கே" என்றார் ஒரு பெரியவர்.

"நம்ம வீட்டுக் குடத்துல பேர் இருந்தா அது கொடுத்தவங்க பேர், இல்லன்னா வச்சிருக்கறவங்க பேர். அதனால கிண்ணத்துலயும் அப்படித்தான்னு நினைச்சுட்டீங்க. நானும் நினைச்சிருப்பேன். ஆனா குடத்துல பேரை உளியால வெட்டுவாங்க, பார்க்கறவங்க கண்ணுல படுற இடத்துல. இது அடியில இருக்கு. கட்டம் கட்டி, எழுத்து புடைச்சு, அச்சால ஒரே அடியில அடிச்சது. ஒரே ஒரு கிண்ணத்துல பேர் போட யாராவது உட்கார்ந்து இரும்புல அச்சு செய்வாங்களா? ஆயிரம் சாமான் செய்யுறவனுக்குத்தான் அச்சு வேணும்."

அக்கா இன்னும் ஒரு அடி முன்னால் வந்தார்.

"இங்கிலீஷ்காரன் வெள்ளியில சிங்க முத்திரை இருக்கும். அரசாங்கம் சோதிச்சுப் போடுறது. அந்தக் காலத்து பாஸ்டன் பக்கம் அப்படிச் சோதிக்கிற ஆபீஸ் கிடையாது. வெள்ளி சுத்தமான்னு வாங்குறவன் யாரை நம்புவான்? செஞ்சவரைத்தான். அதனால வெள்ளி வேலை செய்யுற பத்தர் தன் பேரையே அச்சா வெட்டி, பட்டறையை விட்டுப் போற ஒவ்வொரு சாமானுக்கும் அடியில அடிச்சு அனுப்புவார். பெண்ட்ரி உங்களுக்குக் கிண்ணம் கொடுத்த துரை இல்ல. கிண்ணம் செஞ்ச பத்தர். பர்மான்னு ஒரு நாடு இருக்கறதே அவருக்குத் தெரியுமோ என்னவோ."

"அப்போ கொடுத்தது யாரு?"

"தெரியாது. தன் பேரை எங்கயும் போட்டுக்காம கொடுத்துட்டுப் போயிருக்கார்" என்று சொல்லி அக்கா சுவரிலிருந்த பளிங்குக் கல்லை ஒரு பார்வை பார்த்தார். தேவராஜும் பார்த்தார், உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்போ இத்தனை வருஷமா டான்பௌ ஆக்கினது?" என்றார் பெரியவர் பரிதாபமாக.

"ருசியா இருந்துச்சில்ல? விடுங்க" என்றேன்.

ஆல்பின் எழுந்தான். ஒரு வினாடி திகைத்த மாதிரி தெரிந்தது, ஒரே வினாடிதான். "கரெக்ட்" என்றான். "எக்ஸாக்ட்லி. எங்க கிரேட் கிரேண்ட்ஃபாதர் பத்தரும்தான், மிஷனரியும்தான். தன் கையால செஞ்சு, தன் கையால கொண்டுவந்தார். அவர் அச்சுதான் என் கரண்டியிலயும் இருக்கு."

பொய் சொல்கிறவன் கொஞ்சமாவது உழைக்க வேண்டும் என்பது என் கொள்கை. இவன் அடுத்தவர் சமைத்ததைத் தன் தட்டில் எடுத்துப் போட்டுக்கொண்டான். ஆனால் சபை தலையாட்டியது. கோட்டுக்கு இன்னும் இந்த ஊரில் அவ்வளவு மதிப்பு.

"நல்லது" என்றார் அக்கா. "அச்சுல விரிசல் இருந்தது. அதனால கிண்ணத்துல ஒரு கோடு, கரண்டியில ஒரு கோடு. அப்படித்தானே?"

"யெஸ்."

"கரண்டியில கோடு எங்க முடியுது?"

"கட்டத்து மூலையில. அச்சு அவ்வளவுதானே பெரிசு. அச்சுக்கு வெளிய கோடு எப்படிப் போகும்?"

"சரியாச் சொன்னீங்க. போகாது." அக்கா ஷைலாவின் போனை என்னிடம் நீட்டினார். "தம்பி, நேத்து நீ படத்தைப் பெரிசாக்கினே இல்ல? இப்பச் சின்னதாக்கு."

நான் விரல்களைச் சேர்த்தேன். கட்டம் சுருங்கியது. கிண்ணத்தின் அடிப்பாகம் முழுதும் தெரிந்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. கோடு கட்டத்தோடு நிற்கவில்லை. மூலையைத் தாண்டி, வெற்று வெள்ளியில் ஓடி, விளிம்பு வரைக்கும் போய்த்தான் நின்றது. முந்தின நாள் கட்டத்தை மட்டுமே முறைத்துப் பார்த்துவிட்டு, எல்லாம் போச்சு என்று சொன்ன அறிவாளி நான்தான்.

"ஷைலா, அந்தக் கோடு எப்படி வந்துச்சு?"

"ரெண்டாயிரத்தெட்டு நர்கீஸ் புயல்ல, ஸயாமா." இப்போது ஷைலாவின் குரல் நடுங்கவில்லை. "கூரைத் தகரம் பிச்சுக்கிட்டு பீரோ மேல விழுந்துச்சு. தகரத்துல இருந்த ஆணி கிண்ணத்தைக் கிழிச்சுடுச்சு. அப்ப எங்க அம்மாதான் இங்க வேலை. அவங்ககூட நானும் துடைச்சிருக்கேன்."

"ஆக, கிண்ணத்துல கோடு விழுந்தது அச்சுனால இல்ல, ஆணினால. நர்கீஸ்ல. அப்புறம் பாஸ்டன்ல செஞ்சு, அப்பலருந்து உங்க வீட்டை விட்டு வெளிய போகாத கரண்டியில அதே கோடு எப்படி வந்துச்சு, கோ ஆல்பின்?"

போன் வரிசை வரிசையாகக் கைமாறியது. கண்ணாடியைத் தேடியவர்கள், விரலால் கோட்டைத் தடவிப் பார்த்தவர்கள், பக்கத்து ஆளுக்கு விளக்கியவர்கள். ஆல்பின் கதவைத் திரும்பிப் பார்த்தான். தாத்தா தினமும் தடவிப் பார்த்த கோடு. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவன் அந்த வாய்க்கு டையும் கட்டிக்கொண்டு வந்திருந்தான்.

"நான் சொல்லட்டுமா?" என்றார் அக்கா. "கிண்ணத்து அடியில மெழுகை அழுத்தி அச்சு எடுத்து, அதை வச்சுக் கரண்டியில பேர் ஏத்தியிருக்கீங்க. பேரோட சேர்ந்து ஆணிக் கீறலும் வந்துடுச்சு. அது கீறல்னு கூட உங்களுக்குத் தெரியல. ஆனா மெழுகை அழுத்தணும்னா கிண்ணம் கைக்கு வரணும். பீரோவுக்கு ரெண்டு சாவி. ஷைலா உங்களுக்குத் திறந்து கொடுத்திருந்தா, இப்ப உங்களைக் காட்டிக்கொடுக்கிற கோட்டைப் பத்தி வாயே திறந்திருக்க மாட்டா."

எல்லார் தலையும் தேவராஜ் பக்கம் திரும்பியது.

"பாலிஷ் போடணும்னு கேட்டாரு" என்றார் தேவராஜ். "ஒரே ஒரு நாள்தான் கொடுத்தேன். திரும்பி வந்துடுச்சு. அதுக்கப்புறம் காணாமப் போனதுக்கும் எனக்கும்—"

"யோவ்" என்றான் ஆல்பின். பாஸ்டன் உச்சரிப்பு ஒரு நொடியில் கப்பலேறிவிட்டது. சுத்தமான மாவ்பித் தமிழ் வந்தது. "என்மேல மட்டும் போடாதய்யா. சபை ஒத்துக்கலன்னதும் நானே எடுத்துத் தர்றேன்னு சொன்னது யாரு? உன் பையனை அமெரிக்காவுக்குக் கூப்பிட்டுக்கறேன்னு பாஸ்டன்லருந்து நான் லெட்டர் வாங்கித் தந்தாத்தான் கிண்ணம்னு உன் வீட்டுல பூட்டி வச்சிருக்கியே. எடுத்ததுக்கப்புறம் நான் அதைக் கண்ணால பார்க்கல."

"பொய்" என்றார் தேவராஜ். "இவன் அயோக்கியன். என் வீட்டுல அப்படி எதுவும்—"

"அரிசி ட்ரம்முல இருக்கு."

சொன்னது இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மாள். தேவராஜின் மனைவி சாந்தகுமாரி. மடியில் பாட்டுப் புத்தகம், கண் தரையில். "நேத்து சாயங்காலம் அரிசி எடுக்கும்போது கையில தட்டுச்சு" என்றார். "கேட்டேன். வாயை மூடுன்னாரு."

ஆல்பினைக் கதவருகே இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். கோட்டின் ஒரு கை கிழிந்தது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்னொருவன் அரிசி ட்ரம்மைத் தேடி ஓடினான். தேவராஜ் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் மேல் எனக்கு இரக்கம் வந்திருக்கலாம். பையனை எப்படியாவது வெளிநாட்டுக்கு அனுப்பிவிடத் துடிக்காத அப்பன் இந்த ஊரில் இன்றைக்கு யார்? ஆனால் அதற்கு விலையாக அவர் கொடுக்கத் துணிந்தது தன் வீட்டை அல்ல, ஷைலாவின் அறையை. வந்த இரக்கம் அங்கேயே நின்றுவிட்டது.

"மா ஷைலா" என்றார் அவர், மைக் இல்லாமல். கணீர்க் குரல் எங்கோ போயிருந்தது. "மனுஷன் தவறு செய்யறது சகஜம். நீ ரூம்ல தாராளமா இரும்மா. மனசுல எதுவும் வச்சுக்காதே. எல்லாரும் ஒரு ஜெபம் பண்ணி இதை முடிச்சுக்கலாம்."

"ஆமாம்மா, ஆமாம்மா" என்றார்கள் நாலைந்து பேர். "கிண்ணம்தான் கிடைச்சுடுச்சே." போன ஞாயிறு இவர்கள் இதே பெஞ்சுகளில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கும் இதே மாதிரிதான் தலையாட்டியிருப்பார்கள். பெரியவர் கையைக் கூப்பிக் கண்ணையே மூடிவிட்டார்.

ஷைலா உட்காரவில்லை.

"பொய் சொன்னது அவர் ஒருத்தர்தான்" என்றாள். அவள் பார்த்தது தேவராஜை அல்ல, வரிசைகளை. "இந்த வாரம் பூரா என்கிட்ட யாரும் பேசல. அம்மாவுக்கு மருந்து வாங்கப் போனா, எதுத்தாப்ல வந்தவங்க தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போனாங்க. ஒரு ஆள் வந்து, நீ எடுத்தியான்னு கூட கேட்கல. கேட்டிருந்தா இல்லைன்னு சொல்லியிருப்பேன்."

பெரியவர் கண்ணைத் திறந்தார்.

"ரூம்ல இருக்கேன். அம்மாவை வச்சுக்கிட்டுப் போக எனக்கு இடமில்ல, அதனால இருக்கேன். ஷைலா நம்மளை மன்னிச்சுட்டான்னு யாரும் வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்க வேணாம்."